பழைய ஆக்டேவியா 1.9 டிடிஐ-க்கு ஆர்எஸ் பிரேக் போடலாமா?

குன்னூர்_டிடிஐ

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2006 ஸ்கோடா ஆக்டேவியா, 1.9 டிடிஐ டீசல், 90 குதிரைத்திறன். எஞ்சின் இன்னும் பத்து வருஷம் ஓடும் போல இருக்கிறது, விற்க மனசில்லை. குறை பிரேக்கில்தான். கோயம்புத்தூருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. ஐந்து பேர், பெட்டி படுக்கையோடு குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால் பர்லியார் தாண்டியதும் பெடல் ஆழமாகப் போகிறது, விட்டு மறுபடி மிதித்தால்தான் பிடிக்கிறது. கீழே வந்து அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் பழையபடி ஆகிவிடுகிறது.

ஆக்டேவியாவின் வேகமான மாடலான ஆர்எஸ், ஆடி டிடி ரெண்டிலும் இருக்கிற 312 மில்லிமீட்டர் டிஸ்க் இந்த வண்டிக்கு நேராக உட்காரும் என்று கேள்விப்பட்டேன். ஒரே பிளாட்ஃபார்ம்தானே, அதாவது அடிக்கட்டமைப்பு ஒன்றுதானே? ஜெர்மனியிலிருந்து பழைய காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பாகம்) வரவழைக்கத் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார். யாராவது போட்டிருக்கிறீர்களா, என்னென்ன மாற்ற வேண்டும்?

ஸ்பேனர்12

முதலில் ஒன்று. இதைச் சரிசெய்யும் வரை ஆள் ஏற்றிக்கொண்டு அந்த மலையை இறங்காதீர்கள். பெடல் ஆழமாகப் போகிறது, ஆறினால் சரியாகிறது என்றால் உள்ளே பிரேக் ஆயில் கொதிக்கிறது என்று அர்த்தம். கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், உங்கள் மிதி எல்லாம் அந்த ஆவியை அமுக்குவதிலேயே போய்விடும். பேட் (டிஸ்க்கை உரசுகிற கட்டை) சூடாகி வழுக்குவது வேறு கதை, அதில் பெடல் கல்லு மாதிரி கெட்டியாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. ரெண்டையும் குழப்பிக்கொண்டு பலபேர் தேவையில்லாத சாமானை வாங்குகிறார்கள்.

கடைசியாக ஆயில் எப்போது மாற்றினீர்கள்? டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும், ஈரம் உறிஞ்சிய பிறகு கணக்கு 155 டிகிரிதான். டாட் 3 இன்னும் மோசம், 205-ம் 140-ம். காற்றில் இருக்கிற ஈரத்தை அது தானாக இழுக்கும், கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும் என்று கம்பெனி சொல்வது சும்மா இல்லை.

முன்சக்கரத்தைக் கழற்றி டிஸ்க்கின் விட்டத்தையும் தடிமனையும் அளந்து இங்கே போடுங்கள். அப்புறம் பேசலாம்.

இரண்டாவது_கியர்

தம்பி, எந்த கியரில் இறங்குகிறீர்கள்? நான் இந்த ரோட்டில் ரொம்ப காலம் டூரிஸ்ட் வண்டி ஓட்டியவன். நியூட்ரலில் போட்டால் டீசல் மிச்சம் என்று இன்னும் ஆட்கள் இறங்குகிறார்கள். இந்த மாதிரி எலக்ட்ரானிக் பம்பு வண்டிகளில் கியரில் போட்டு ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் சப்ளையே நின்றுவிடும், நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குக் குடிக்கும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று பெரியவர்கள் சொன்னது இன்றைக்கும் சரி.

வேகமானி

இரண்டாவது_கியர் அண்ணன் சொன்னதற்குக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆளோடு சாமானோடு வண்டி சுமார் 1,700 கிலோ. குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,500 மீட்டர். பெருக்கினால் 25 மெகா ஜூல் வரும். அதே வண்டியை 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு தடவை நிறுத்த 0.66 மெகா ஜூல்தான். ஆக ஒரு இறக்கம் என்பது நூறிலிருந்து பூஜ்யத்துக்கு நாற்பது தடவைக்குக் கொஞ்சம் குறைவாக நிறுத்துவதற்குச் சமம்.

டயர் உருளுவதிலும் காற்றிலும் கால் பங்குக்கு மேல் போய்விடும். மீதி எஞ்சினுக்கும் பிரேக்குக்கும்தான். ஒரு மணி நேரத்தில் இறங்கினால் அந்த மீதியே ஐந்து கிலோவாட் சுமார், அதாவது ஐந்து இஸ்திரிப் பெட்டியை ஒரு மணி நேரம் முழுசாக எரிய விட்ட சூடு. இதில் பெரும் பங்கை எஞ்சின் வாங்கிக்கொண்டால் டிஸ்க் பிழைக்கும். நியூட்ரலில் போனால் மொத்தமும் டிஸ்க்குக்கு, அதிலும் பெரும்பாதி முன்டிஸ்க்குக்கு. 312 போட்டாலும் இந்த 25 மாறாது. பெரிய டிஸ்க் மெதுவாகச் சூடாகும், சீக்கிரம் ஆறும், அவ்வளவுதான்.

குன்னூர்_டிடிஐ

அண்ணா, மூன்றாவது கியரில்தான் வருவேன், செங்குத்தான வளைவில் இரண்டாவது. நியூட்ரல் பழக்கம் இல்லை. ஆனால் பின்னால் வருகிறவன் ஹார்ன் அடித்தே கொல்கிறான், அதனால் வளைவுக்கு வளைவு பிரேக் போட்டுப் போட்டு வருவது உண்மை.

அளந்துவிட்டேன். முன்னால் 280 மில்லிமீட்டர், தடிமன் தேய்ந்து 20 இருக்கிறது, விளிம்பில் நல்ல உதடு. பின்னாலும் டிஸ்க், சின்னது. வீல் 15 அங்குலம், 195/65. ஆயில் மாற்றிய பில் எதுவும் பழைய ஓனர் கொடுத்த ஃபைலில் இல்லை. பாட்டிலில் எட்டிப் பார்த்தால் டீ டிகாஷன் நிறம்.

ஸ்பேனர்12

அப்புறம் என்ன, டிகாஷனே பதில் சொல்லிவிட்டது. 280-க்குப் புதுசில் 22 தடிமன், 19 வந்தால் தூக்கிப் போட வேண்டும். 20 என்றால் ஆயுசு முடியப் போகிறது. தேய்ந்த டிஸ்க்கில் சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பே குறைவு, அதுவும் உங்கள் பிரச்சினையில் ஒரு பங்கு.

ஸ்டுட்கார்ட்_தமிழன்

312 பற்றி நான் சொல்கிறேன், இங்கே கோல்ஃப் நாலாம் தலைமுறைக்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலை அது. கோல்ஃப் 4, முதல் ஆக்டேவியா, முதல் டிடி எல்லாம் ஒரே பிளாட்ஃபார்ம், ஹப்பில் (சக்கரம் மாட்டுகிற நடுப்பாகம்) போல்ட் வட்டம் ஐந்துக்கு 100, அதாவது 100 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து போல்ட். இதுவரை சந்தோஷமான செய்தி.

இந்தக் குடும்பத்தில் முன்டிஸ்க் அளவுகள் 256, 280, 288, 312, அதற்கு மேல் கோல்ஃப் ஆர்32-வில் 334. "288-லிருந்து 312-க்குப் போவது சுலபம்" என்று நெட்டில் படித்திருப்பீர்கள், அது நிஜம்தான். ரெண்டுக்கும் ஒரே காலிப்பர், பேடை அமுக்குகிற 54 மில்லிமீட்டர் பிஸ்டன், ஒரே பேட். பிராக்கெட்டையும் (காலிப்பரைத் தாங்குகிற சட்டம்) டிஸ்க்கையும் மட்டும் மாற்றினால் போதும், பின்னால் இருக்கிற தகர மறைப்பை வெட்டவோ மாற்றவோ வேண்டும். அந்த வாசகத்தை 280 வைத்திருக்கிறவர்களும் படித்துவிட்டுக் காசைக் கொட்டுகிறார்கள். உங்கள் 280-இல் காலிப்பர் நக்கிளிலேயே (சக்கரத்தையும் ஹப்பையும் தாங்குகிற இரும்பு) நேராக உட்கார்ந்திருக்கும், தனி பிராக்கெட் கிடையாது. 288, 312 ரெண்டும் தனி பிராக்கெட், அதை மாட்ட உங்கள் நக்கிளில் காது இல்லை. அதனால் ரெண்டு பக்கமும் நக்கிளை மாற்றியே ஆக வேண்டும்.

இன்னொன்று. நக்கிள் தேடும்போது டிடி-யிலிருந்து எடுக்காதீர்கள், அதன் ஜியாமெட்ரி வேறு. ஆக்டேவியா 1.8 டர்போ அல்லது அதே காலத்து கோல்ஃப் 1.8 டர்போ நக்கிள்தான் வேண்டும். டிஸ்க், பிராக்கெட் டிடி-யிலிருந்து வந்தால் பரவாயில்லை.

இந்தியாவில் விற்ற ஆர்எஸ் 150 குதிரைத்திறன், ஐரோப்பிய ஆர்எஸ் 180. இங்கே 180-க்கு 312 டிஸ்க். அங்கே விற்றதிலும் அதேதான் இருக்கும் என்று நம்பி வாங்காதீர்கள், உடைக்கிற இடத்திலேயே டிஸ்க்கை அளந்து பாருங்கள்.

புதுப்பேட்டை_பையன்

ப்ரோ, லாரா ஆர்எஸ் முன்பிரேக் செட் ஒன்று கண்ணில் பட்டது, நல்ல கண்டிஷன். அதைப் போட்டால் என்ன? கூடவே ஓட்டை போட்ட டிஸ்க், காலிப்பருக்கு சிவப்பு பெயிண்ட். மாஸாக இருக்கும்.

ஸ்டுட்கார்ட்_தமிழன்

லாரா என்பது இரண்டாம் தலைமுறை ஆக்டேவியா, அடுத்த பிளாட்ஃபார்ம் தம்பி. அதன் போல்ட் வட்டம் ஐந்துக்கு 112. டிஸ்க் உங்கள் ஹப்பில் உட்காரவே உட்காராது. ஓட்டையைப் பெரிசாக்கி மாட்டலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டறைப் பக்கமே போகாதீர்கள்.

ஸ்பேனர்12

ஓட்டை போட்ட டிஸ்க் மலைக்கு நல்லதில்லை, சூடேறி ஆறி சூடேறி ஆறி ஓட்டை விளிம்பிலிருந்து மயிரிழை விரிசல் கிளம்பும். ரெண்டு தகட்டுக்கு நடுவில் காற்று போகிற சாதா டிஸ்க்கே போதும். பெயிண்ட் உங்கள் இஷ்டம், பிரேக்குக்கு அதனால் நன்மையும் இல்லை கெடுதலும் இல்லை.

புதுப்பேட்டை_பையன்

சரி சரி. ஆனால் 312 போட்டால் வண்டி சீக்கிரம் நிற்குமா நிற்காதா? அதைச் சொல்லுங்கள். அதற்குத்தானே இவ்வளவு பாடும்!

வேகமானி

ஆறின டிஸ்க்கோடு ஒரே ஒரு தடவை முழுப் பிரேக் போட்டால், நிற்காது. அதாவது இப்போது நிற்கிற தூரத்திலேயேதான் நிற்கும். உங்கள் 280-இலேயே நன்றாக அழுத்தினால் சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ் கடகடவென்று அடிக்கும். அப்படி அடிக்கிறது என்றால் டயர் தரையைப் பிடிக்கிற எல்லைக்குப் பிரேக் ஏற்கனவே போய்விட்டது. அதற்கு மேல் முறுக்குவிசை கொடுத்தாலும் ஏபிஎஸ் அதைக் கழித்துவிடும். நிற்கும் தூரம் குறைய வேண்டும் என்றால் டயருக்குச் செலவு செய்யுங்கள்.

பிஸ்டன் அதே 54 என்பதால் அமுக்கும் விசை மாறாது, பேட் உட்காருகிற ஆரம் மட்டும் கூடுகிறது. தோராயமாகப் பத்து சதவீதம் கூடுதல் முறுக்குவிசை. காலுக்குக் கொஞ்சம் லேசாகத் தெரியும். பிஸ்டன் மாறாததால் பெடலிலிருந்து ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரையும் தொட வேண்டாம், இது இந்த மாற்றத்தில் பெரிய சௌகரியம். நாலு பிஸ்டன், ஆறு பிஸ்டன் காலிப்பரை வேறு ஏதாவது காரிலிருந்து மாட்டுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள், பெடல் பாதி தூரம் சும்மா போகும்.

மலைப்பாதை_ரசிகன்

எல்லோரும் சேர்ந்து அவரை ஆயில் மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்கிறீர்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏபிஎஸ் அடிக்கிற வரை எல்லாம் ஒன்றுதான் என்பது டெஸ்ட் டிராக் பேச்சு. வால்பாறை நாற்பது கொண்டை ஊசி வளைவையும் ஐந்து பேரோடு இறங்குகிறவனுக்கு முப்பதாவது வளைவில் பெடல் முதல் வளைவு மாதிரியே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 288, 312-இல் வருகிற 25 தடிமன் டிஸ்க் அதற்குத்தான். என் வண்டியில் 288 இருக்கிறது, அதே டீசல் எஞ்சின்தான், 280 போட்ட நண்பர் வண்டியோடு ஒரே ரோட்டில் இறங்கினால் வித்தியாசம் தெரிகிறது. கம்பெனியே அதிக பவர் மாடலுக்குப் பெரிய டிஸ்க் கொடுத்திருக்கிறான் என்றால் காரணம் இல்லாமலா?

வேகமானி

காரணம் இருக்கிறது, அது வெப்பம். அதில் நமக்குள் சண்டையே இல்லை. உங்கள் நண்பர் வண்டியில் ஆயிலும் டிஸ்க்கும் புதுசா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

மலைப்பாதை_ரசிகன்

ஆயில் புதுசு. டிஸ்க் பாதி தேய்ந்தது. சரி, பாதி மார்க் கொடுக்கிறேன் உங்களுக்கு.

லேத்துக்காரன்

நக்கிள் மாற்றுகிறேன் என்று லேசாகச் சொல்லிவிட்டார்கள், வேலை செய்கிறவனுக்குத்தான் தெரியும். இந்த வண்டியில் வீல் பேரிங் நக்கிளுக்குள் பிரஸ் செய்து உட்கார வைத்தது. ஹப்பை வெளியே தள்ளினால் பேரிங்கின் உள் வளையம் ஹப்போடு பிய்ந்து வந்துவிடும், அதோடு பேரிங் காலி. பழைய நக்கிளோடு வந்த பேரிங்கை நம்பி மாட்டினால் கொஞ்ச நாளில் ஊளையிடும். ரெண்டு பக்கமும் புது பேரிங், புது லாக், ஹைட்ராலிக் பிரஸ். சுத்தியலால் அடித்து ஏற்றுகிற இடத்தில் விடாதீர்கள், ஏற்றும்போது வெளி வளையத்தில்தான் அழுத்தம் விழ வேண்டும், உள் வளையத்தில் அழுத்தினால் குண்டுகள் பள்ளம் போட்டுவிடும்.

ஏபிஎஸ் சென்சார் நக்கிளுக்குள் துருப்பிடித்துச் சிக்கியிருக்கும், இழுத்தால் தலை கையோடு வரும். அதற்கும் காசு எடுத்து வையுங்கள். ஆக்சில் முனையில் இருக்கிற பெரிய போல்ட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது, ஒரு முறை இறுக்கினால் நீண்டுவிடும் சாமான் அது. ஷாக் அப்சார்பர் உட்காருகிற இடத்தில் நக்கிள் பிளந்த மாதிரி இருக்கும், அதை விரிக்கத் தனி டூல் உண்டு, ஸ்க்ரூ டிரைவரை அடித்து ஏற்றி விரிக்க விடாதீர்கள். எல்லாம் முடிந்ததும் அலைன்மென்ட் கட்டாயம்.

குன்னூர்_டிடிஐ

இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. 312 போட்டால் வீலும் 16 வாங்க வேண்டுமா?

ஸ்டுட்கார்ட்_தமிழன்

ஆமாம், 312-க்கு 15 அங்குல வீல் உள்ளே இடிக்கும், 16 வேண்டும். டயர் 205/55 போட்டால் மொத்த விட்டம் உங்கள் 195/65 15-க்கு ரெண்டு மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. 288 என்றால் 15-க்குள்ளேயே அடங்கும், ஆனால் எல்லா அலாய் டிசைனிலும் இல்லை. ஸ்டெப்னியையும் மாட்டிப் பாருங்கள், மலையில் பஞ்சரானால் அங்கே வந்து கண்டுபிடிக்கக் கூடாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 288-தான். காலிப்பர், பேட் 312-க்கும் அதுவே, பின்னால் ஆசை வந்தால் பிராக்கெட்டும் டிஸ்க்கும் வாங்கி ஏறிக்கொள்ளலாம். இங்கே ஜெர்மனியில் என்றால் மாற்றிய பிறகு டியூவ் என்கிற வாகனப் பரிசோதனை அமைப்பின் ஆட்களிடம் காட்டி வண்டிப் பத்திரத்தில் பதிய வேண்டும், பதியாமல் ஓட்டினால் அனுமதியே போய்விடும். அங்கே நடைமுறை எப்படியோ.

ஸ்பேனர்12

இங்கே மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுதான் மாற்றங்களைப் பற்றிப் பேசுகிறது. பிரேக்கை யாரும் குனிந்து பார்ப்பதில்லை என்பது வேறு. இன்சூரன்ஸ்காரனுக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள், விபத்து என்று வந்தால் அவன் குனிந்து பார்ப்பான்.

குன்னூர்_டிடிஐ

ரொம்ப நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்தது இது. முதலில் ஆயில் முழுசாக மாற்றினோம், டாட் 4. அதே 280 அளவில் புது டிஸ்க், புது பேட். காலிப்பரைக் கழற்றினால் இடது பக்கம் காலிப்பர் நகர்கிற ஸ்லைடு பின் ரெண்டும் வறண்டு இறுகி இருந்தன, அந்தப் பக்க உள்பேட் மட்டும் தகடாகத் தேய்ந்திருந்தது. சுத்தம் செய்து, ரப்பர் மாற்றி, பிரேக்குக்கான கிரீஸ் போட்டோம்.

அப்புறம் அதே ஐந்து பேரோடு குன்னூரிலிருந்து இறங்கினேன், முடிந்த இடமெல்லாம் இரண்டாவது கியரில். கல்லாறு வரை பெடல் ஒரே உயரத்தில் இருந்தது. பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள், இடம் கிடைத்த இடத்தில் ஒதுங்கி விட்டேன்.

ஆனாலும் கீழே வந்தபோது நல்ல கருகல் வாசம் இருந்தது. அதனால் 288 ஆசை போகவில்லை. 1.8 டர்போ நக்கிள் ஒரு ஜோடி கிடைத்திருக்கிறது, காலிப்பரும் கூடவே. மாட்டும்போது எதை கவனிக்க வேண்டும்?

இரண்டாவது_கியர்

புது பேடும் முதல் தடவை சூடேறும்போது வாசம் வரும் தம்பி. அதை வைத்து முடிவு பண்ணாதீர்கள். இன்னொரு முறை இறங்கிப் பார்த்துவிட்டு வாங்கலாமே.

குன்னூர்_டிடிஐ

அண்ணா, அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது_கியர்

அப்ப சரி. நல்லபடியாக மாட்டுங்கள்.

லேத்துக்காரன்

பழைய காலிப்பரை அப்படியே மாட்டாதீர்கள். பிஸ்டனை வெளியே எடுத்து சீல், தூசி ரப்பர் கிட் போடுங்கள். பிஸ்டன் மேல் துருப் புள்ளி இருந்தால் பிஸ்டனும் புதுசு. பிராக்கெட் போல்ட் 125 நியூட்டன் மீட்டர், காலிப்பர் கைடு பின் சுமார் 28, அது 7 மில்லிமீட்டர் ஆலன் கீ. வீல் போல்ட் 120. டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறை என்றால் நீங்களே ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள்.

ஹப் முகத்தில் இருக்கிற துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்த பிறகே டிஸ்க்கை வையுங்கள். அங்கே துளி துரு மாட்டினாலும் டிஸ்க் சாய்ந்து சுற்றும், கொஞ்ச மாதத்தில் பிரேக் போட்டால் ஸ்டியரிங் ஆடும். அப்புறம் டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள்.

ஸ்பேனர்12

ஏர் எடுக்கிற நிப்பிள் மேல்பக்கம் வர வேண்டும். இடது வலது மாறி மாட்டினால் நிப்பிள் கீழே போய்விடும், மேலே தேங்கின காற்று எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் வராது. பிரேக் ஆயில் போகிற ஓஸ் இரண்டும் புதுசாகப் போடுங்கள், அந்த வயசு ரப்பர் உள்ளே வீங்கியிருக்கும். மாட்டிய பிறகு ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசாக ஒடித்து ஓஸ் எங்கேயும் உரசவில்லை, இழுபடவில்லை என்று பாருங்கள்.

வேலை நடக்கும்போது பாட்டிலில் ஆயில் வற்ற விடாதீர்கள். வற்றி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் ஸ்கேனர் வைத்து பம்பை ஓட்டித்தான் எடுக்க வேண்டும். கிளட்சும் அதே பாட்டிலில்தான் குடிக்கிறது, பிரேக் முடிந்ததும் கிளட்ச் சிலிண்டரிலும் ஏர் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பக்க ஆயில் பழசாகவே இருக்கும்.

மலைப்பாதை_ரசிகன்

பேட் படிய வைப்பதைச் சொல்லவில்லையே யாரும். காலியான ரோட்டில் 60, 70 வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகக் குறையுங்கள், முழுசாக நிறுத்த வேண்டாம், மறுபடி வேகமெடுத்து மறுபடி. எட்டு, பத்து தடவை போதும். அப்புறம் பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆற விடுங்கள். சூடாக இருக்கும்போது சிக்னலில் காலை அழுத்தி வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், பேட் இருக்கிற இடத்தில் டிஸ்க்கில் தடம் பதிந்துவிடும். அவினாசி ரோட்டில் விடியற்காலை நாலு மணிக்கு முயற்சி செய்யுங்கள், மற்ற நேரத்தில் அங்கே 60 எடுக்கவே முடியாது.

குன்னூர்_டிடிஐ

குறித்துக்கொண்டேன். கழற்றிய 280 காலிப்பர், நக்கிள் ஜோடி, அதிகம் ஓடாத டிஸ்க், பேட் எல்லாம் விற்பனைக்கு இருக்கும். வேண்டியவர்கள் தனி மெசேஜ் அனுப்புங்கள்.